ஆறாயிரம் சுற்று ஆசாமி

என் காரின் எஞ்சின் இன்றுவரை நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று சுற்றியதில்லை. அதற்கு நான் தேடித் தேடி மாட்டிய ஹெடர் குழாய்கள் மட்டும் ஆறாயிரத்துக்கானவை. எஞ்சின் இரண்டாயிரத்து ஐந்நூறில் சிவனே என்று ஓடிக்கொண்டிருந்தது. ஆறாயிரத்தில் சுற்றியது என் தலைதான்.

கார் என்று சொன்னால் இங்கே கோபித்துக்கொள்வார்கள், ஹாட் ராட் என்று சொல்லவேண்டும். இங்கே என்றால் தெற்குக் கலிபோர்னியா, லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே. வாரம் முழுக்கக் கணினியில் நிரல் எழுதிப் பிழைக்கிறேன். சனிக்கிழமை விடிந்தால் கராஜ் கதவைத் தூக்கிவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் படுத்துவிடுவேன். ஹாட் ராட் பிறந்த ஊரில் குடியிருந்துகொண்டு வேறு என்ன செய்வது? 1932இல் ஹென்றி ஃபோர்டு சாமானியர்களும் வாங்குகிற விலையில் வி-8 எஞ்சின் வைத்த காரை விற்றார். 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். அந்தக் கார்கள் பழசாகிக் கைமாறியதும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மொஹாவி பாலைவனத்தில் மியூராக், எல் மிராஜ் என்ற வறண்ட ஏரிகளில் கொண்டுபோய் விரட்டினார்கள். யார் வேகம் என்று முறையாக நேரம் பார்த்துச் சொல்ல 1937இல் ஒரு சங்கமே ஏற்பட்டது.

என்னுடையது அந்த 1932 ஃபோர்டின் ரோட்ஸ்டர் எனும் திறந்த மாடலின் நகல். உடம்பு ஃபைபர் கிளாஸ். உள்ளே இருப்பது ஃபோர்டு எஞ்சின்கூட இல்லை, ஷெவ்ரலேயின் 350 கன அங்குல வி-8. 1955இல் 265 கன அங்குலமாக வந்த குடும்பத்தின் பிற்காலப் பிள்ளை. மலிவு, எங்கும் கிடைக்கும், எந்த முட்டாள் கை வைத்தாலும் தாங்கும். மூன்றாவது தகுதிதான் எங்கள் உறவை இத்தனை காலம் காப்பாற்றி வருகிறது.

டர்போ, சூப்பர்சார்ஜர் என்று காற்றைத் திணிக்கும் சாதனம் எதுவும் அதில் கிடையாது. தானாக மூச்சு இழுத்துத் தானாக விடும் எஞ்சின். இப்படிப்பட்ட எஞ்சினுக்குத்தான் ஹெடர் முக்கியம். நம்மூர் பைக் மெக்கானிக் பெண்ட் பைப் என்பாரே, அதேதான். இங்கே பக்கத்துக்கு நான்காக எட்டு.

அதன் வேலை புகையை வெளியே அனுப்புவது என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வால்வ் திறந்ததும் எரிந்த வாயு குழாய்க்குள் பாய்கிறது. அதற்கும் முன்னால் ஓர் அழுத்த அலை ஓடுகிறது. அந்தச் சூட்டில் அதன் வேகம் விநாடிக்கு 500 மீட்டருக்கு மேல். குழாய்கள் ஒன்றுசேரும் கலெக்டரில் இடம் சட்டென்று அகலமாகிறது. தள்ளிக்கொண்டு போன அலை அங்கே முட்டி, உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வருகிறது. அது வால்வுக்கு வந்துசேரும்போது எக்ஸாஸ்ட் வால்வ் இன்னும் மூடாமலும் இன்டேக் வால்வ் திறக்கத் தொடங்கியும் இருந்தால் நமக்கு யோகம். நெரிசல் பேருந்தில் இறங்குகிறவர் படியில் நிற்பவரைக் கைகொடுத்து உள்ளே இழுத்துவிட்டுப் போவதுபோல, வெளியேறும் வாயு புதுக் காற்றை உள்ளே இழுத்துவிடும். காசில்லாமல் கிடைக்கும் ஒத்தாசை இது. ஆனால் குழாயின் நீளமும் விட்டமும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டும் எஞ்சின் ஓடும் வேகமும் ஒத்துவந்தால்தான் கிடைக்கும்.

இதையெல்லாம் இப்போது சொல்கிறேன். முதல் ஹெடர் வாங்கியபோது நான் பார்த்தது அழகை.

கார் என்னிடம் வந்தபோது அதில் ராம்ஸ் ஹார்ன் என்ற வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருந்தது. இரண்டு கொம்பும் வளைந்து நடுவில் கீழே இறங்கும். துருப்பிடித்துக் கிடந்த அதைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. பொமோனா பழைய சாமான் சந்தையில், கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டேன். வாங்கியவர் பேரமே பேசவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். தெருவில் ஓட்டுகிற சாதுவான 350க்கு அதைவிடப் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்றும், இறுக்கினால் இறுக்கின இடத்தில் கிடக்கும், கசியாது, பிளக் வயரைச் சுடாது என்றும் பிற்பாடு தெரிந்தது. தெரிந்த பிறகு அதே சந்தையில் விலை கேட்டுப் பார்த்தேன். கேட்டதோடு சரி.

அதற்குப் பதிலாக வாங்கியது லேக்ஸ் பைப். வறண்ட ஏரிகளில் ஓடிய கார்களின் நினைவாக வந்த வடிவம். பக்கத்துக்கு ஒன்றாக நீண்ட கூம்பு. நான்கு சிறு குழாய்கள் ஒவ்வொன்றாக வந்து அதில் சேரும். கூம்பு கதவுக்குக் கீழே உடம்பை ஒட்டிப் பின்னால் ஓடும். அதன் முனையில் ஒரு மூடி. மூடியிருந்தால் புகை சைலன்சர் வழியாகப் போகும். ஏரிக்குப் போனால் மூடியைக் கழற்றிக்கொள்ளலாம். நான் ஏரிக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், தூங்குகிற தெருவில் கழற்றினேன். கலிபோர்னியாவில் காரின் எக்ஸாஸ்ட் சத்தத்துக்கு 95 டெசிபல் என்று ஒரு வரம்பு உண்டு. அதை எதிர்வீட்டு அம்மாள் நைட்டியோடு வாசலுக்கு வந்து எனக்கு எடுத்துச் சொன்னார். பதற்றத்தில் இறங்கினேன். கதவுக்குக் கீழே கொதிக்கிற குழாய் ஓடுகிறது என்பது மறந்துபோயிற்று. கெண்டைக்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ரோட்ஸ்டர் வைத்திருப்பவர்களில் நிறையப் பேருக்கு அதே இடத்தில் இருக்கும் என்பதில் எனக்கு அற்ப சந்தோஷம்.

இனிமேல் அழகைப் பார்ப்பதில்லை, அறிவியல்தான் என்று முடிவு செய்தேன். அங்கேதான் பெரிய பள்ளம்.

ஏ. கிரஹாம் பெல் என்பவர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களை மெருகேற்றுவது பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். தொலைபேசிக்காரர் இல்லை, இவர் வேறு. அதில் குழாய் நீளத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு. பிஸ்டன் அடியைத் தொடுவதற்கு எத்தனை பாகை முன்பு எக்ஸாஸ்ட் வால்வ் திறக்கிறதோ அதோடு 180ஐக் கூட்டி, 850ஆல் பெருக்கி, எஞ்சின் வேகத்தால் வகுத்து, மூன்றைக் கழித்தால் அங்குலக் கணக்கில் நீளம் வரும். விட்டத்துக்கும் இன்னொரு சூத்திரம் இருக்கிறது. என் கேம் ஷாஃப்ட்டுக்கு 70 பாகை. மீதி இருந்தது ஒரே ஒரு எண்தான், எஞ்சின் வேகம். எந்த வேகத்துக்குக் குழாயை இசைக்க விரும்புகிறோமோ அதைப் போடவேண்டும்.

நான் ஆறாயிரம் போட்டேன்.

ஏன் என்று கேட்காதீர்கள். வட்டமாக, கம்பீரமாக இருந்தது. வேக முள் காட்டும் வட்டில் அந்த இடத்தில்தான் சிவப்புக் கோடு தொடங்கியது. நீளம் 32 அங்குலம், உள்விட்டம் 1.89 அங்குலம் என்று விடை வந்தது. கடையில் இரண்டு அங்குலக் குழாய் வைத்த ஹெடர் இருந்தது. தகட்டின் தடிமன் போக உள்விட்டம் 1.87. சூத்திரமே கைகாட்டிவிட்டது என்று புல்லரித்துப் போய் வாங்கி வந்தேன்.

மாட்டி ஓட்டினால் சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் வண்டி யோசிக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இருமுகிறது, பிறகு ஒருவழியாகக் கிளம்புகிறது. பக்கத்தில் நின்ற மின்சார டாக்ஸி காணாமல் போய்விட்டது. வீட்டில் வந்து கார்புரேட்டரைக் குறை சொன்னேன். ஜெட்டை மாற்றினேன். இக்னிஷன் டைமிங்கைத் திருகினேன். பெட்ரோலைக்கூடத் திட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி காய் நறுக்கியபடியே சொன்னாள்: “ஏங்க, இந்த வண்டியில நீங்க பால் வாங்கத்தானே போறீங்க? அதுக்கு எவ்ளோ வேகம் வேணும்?”

சிரித்துவிட்டு கராஜுக்குப் போய்விட்டேன். விஷயம் முழுவதும் அந்தக் கேள்வியில் இருந்தது என்பது பின்னால்தான் புரிந்தது. புரியவைத்தவர் பக்கத்துத் தெருவில் இருக்கும் மெக்சிகன் பெரியவர். வாழ்நாளெல்லாம் குழாய் வளைத்து வெல்டிங் செய்தவர், ஓய்வு பெற்று எலுமிச்சை மரம் வளர்க்கிறார். ஹெடரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் காருக்குப் பின்னால் போனார். “மிஹோ, மகனே, பின் ஆக்சில் கியர் என்ன? டயர் எவ்வளவு உயரம்?” என்றார். கியர் 3.25, டயர் 28 அங்குலம். தரையில் கிடந்த அட்டைப்பெட்டியில் பென்சிலால் கணக்குப் போட்டார். கடைசி கியரில் 65 மைல் வேகத்தில் எஞ்சின் சுற்றுவது நிமிடத்துக்குச் சுமார் 2500. “இதைவிட வேகமாக எப்போதாவது போவாயா?” நெடுஞ்சாலையில் ஏறும்போது கொஞ்சம் போவேன், ஒருவேளை நாலாயிரம் தொடும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அன்றிரவு அதே சூத்திரத்தில் நாலாயிரம் போட்டுப் பார்த்தேன். உள்விட்டம் 1.54 அங்குலம் என்று வந்தது. கடைக்கணக்கில் 1⅝ அங்குலக் குழாய். நான் மாட்டியிருந்ததோ பரப்பில் அதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். அவ்வளவு அகலத்தில் வாயு சோம்பலாக நடந்து போகிறது. வேகம் இல்லாத இடத்தில் உறிஞ்சல் எங்கிருந்து வரும்? போதாததற்கு என் கேம் ஷாஃப்ட் சாது ரகம், இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரமே குறைவு. நீளம் 50 அங்குலம் என்று வந்ததைப் பார்த்ததும், இந்தக் காரில் எட்டுக் குழாயை அவ்வளவு நீளத்துக்கு எங்கே சுருட்டி வைப்பது என்று இன்னொரு கவலை. சூத்திரம் திசையைக் காட்டும், இடத்துக்குத் தக்கபடி சமரசம் செய்துகொள்வதுதான் ஹெடர் என்று பெரியவர் பிறகு சொன்னார்.

இடையில் ஒரு கிளை முட்டாள்தனம். எஞ்சினுக்குக் கொஞ்சம் ‘பேக் பிரஷர்’ வேண்டும், அது இல்லாததால்தான் இழுவை இல்லை என்று ஒருவர் சொன்னார். பெரிய குழாயின் முடிவில் இடுக்கமான சைலன்சரை வாங்கி மாட்டினேன். அடியில் இல்லாத இழுவை அடியில் வரவேயில்லை, மேலே இருந்த கொஞ்சநஞ்சமும் போயிற்று. எஞ்சினுக்கு அடைப்பு தேவையில்லை, குழாய்க்குள் வாயுவுக்கு வேகம்தான் தேவை. சிறிய குழாயில் வேகம் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அடைப்புதான் நன்மை செய்கிறது என்று நம்பிய கூட்டத்தில் நானும் ஒருவன்.

அடுத்து எடுத்த முடிவு சரியான முடிவு. அதனாலேயே அதில் சறுக்கியது அதிகம் வலித்தது.

நான்கு குழாயும் ஒரே இடத்தில் ஒன்றாகச் சேர்வது ஒரு வகை, மேல் வேகத்தில் உச்சத்தைத் தொட நல்லது. முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்து, பிறகு இரண்டும் ஒன்றாவது இன்னொரு வகை, ட்ரை-ஒய். டக் தார்லி என்ற பந்தயக்காரரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் வடிவம்; 1965 ஷெல்பி ஜிடி-350இல் வந்தது. நடு வேகத்தில் அகலமான இழுவை கொடுக்கும். பால் வாங்கப் போகிறவனுக்கு ஏற்றது. நானே வெல்டிங் செய்துவிடுவது என்று 1⅝ அங்குல வளைவுக் குழாய்களாக வாங்கிக் குவித்தேன்.

வலது பக்கத்தில் சிலிண்டர்கள் முன்னிருந்து 2, 4, 6, 8. முன் இரண்டை ஒரு ஜோடி, பின் இரண்டை ஒரு ஜோடியாக்கிப் பற்றவைத்தேன். பக்கத்துப் பக்கத்துக் குழாய்கள் என்பதால் வேலை சுலபமாக முடிந்தது. வெல்டிங் பார்க்கச் சகிக்காவிட்டாலும் பிடித்துக்கொண்டது. இடது பக்கத்தில் 1, 3, 5, 7. நான் செய்கிற தொழிலில் ஓர் இடத்தில் சரியாக வந்ததை நகலெடுத்து அடுத்த இடத்தில் ஒட்டுவதுதான் பாதி வேலை. வலதை அப்படியே கண்ணாடியில் திருப்பி இடதுக்குச் செய்தேன். முன் இரண்டு, பின் இரண்டு. மாட்டி, ஓட்டி, பரவசப்பட்டு, பெரியவரைக் கூப்பிட்டு வந்து காட்டினேன்.

இடது பக்கம் பின் ஜோடி சேரும் இடத்தில் விரலை வைத்தார். “எஞ்சின் சுடும் வரிசை சொல்லு.”

இது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். “ஒன்று, எட்டு, நான்கு, மூன்று, ஆறு, ஐந்து, ஏழு, இரண்டு.”

“ஐந்துக்கு அப்புறம்?”

“ஏழு.”

“அந்த இரண்டையும் எங்கே சேர்த்திருக்கிறாய்?”

அவர் விரல் இருந்த இடத்தில்தான்.

கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் 720 பாகை. அதற்குள் எட்டு சிலிண்டர், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 90 பாகை. வலது பக்கத்தில் இரண்டும் நான்கும் 270, 450 என்ற இடைவெளியில் சுடும்; ஆறும் எட்டும் அப்படியே. ஒன்று விட்ட மூச்சு போய் அடங்க அவகாசம் இருக்கிறது. இடது பக்கத்தில் ஐந்தும் ஏழும் வெறும் 90 பாகையில் அடுத்தடுத்து. ஐந்து விட்ட வாயு சந்தியைத் தாண்டுவதற்குள் ஏழு வந்து இடிக்கிறது. ஒன்றையும் ஐந்தையும் ஜோடியாக்கி, மூன்றையும் ஏழையும் ஜோடியாக்கியிருக்க வேண்டும். அப்போது அங்கும் 270, 450 வந்துவிடும். ட்ரை-ஒய் வைப்பதே அடுத்தடுத்துச் சுடுகிறவர்களைப் பிரித்து வைக்கத்தான். நான் அவர்களை ஒரே அறையில் பூட்டியிருந்தேன். இதில் மானக்கேடு என்னவென்றால், சுடும் வரிசை என் இன்டேக் மேனிஃபோல்டின் மேலேயே எண் எண்ணாக வார்த்து எடுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைத் துணி வைத்துத் துடைத்துப் பளபளப்பாக்குவேன்.

பெரியவர் சிரிக்கவில்லை. ரம்பத்தை எடுத்து இடது பக்கத்தை வெட்டினார். மூன்றாவது குழாய் ஐந்தாவதைத் தாண்டிப் போய் ஏழோடு சேரவேண்டும். நடுவில் ஸ்டியரிங் தண்டு வருகிறது. பிளக்கைக் கழற்ற ஸ்பேனர் நுழையவும் இடம் விடவேண்டும். துண்டு துண்டாக வைத்துப் பார்த்து, கண்ணை மூடித் திறந்து, பற்றவைத்துக்கொண்டே போனார். நான் டார்ச் லைட் பிடித்தேன். டார்ச் சரியான இடத்தில் அடிக்கவில்லை என்று அதற்கும் திட்டு வாங்கினேன். அவருடைய வெல்டிங் ஒரே சீராக இழை இழையாக ஓடுகிறது. என்னுடையது வலது பக்கத்தில் இருக்கிறது. கண்காட்சிகளில் காரைச் சுவரோரமாக, இடது பக்கம் ஜனங்களைப் பார்க்கும்படி நிறுத்துகிறேன்.

அதோடு விட்டதா? மாட்டிச் சில நாளில் எஞ்சினில் டிக் டிக் என்று ஒரு சத்தம். டேப்பட் அடிக்கிறது என்று தீர்மானித்து, வால்வ் மூடியைத் திறந்து எல்லாவற்றையும் புதிதாக அட்ஜஸ்ட் செய்தேன். சத்தம் போகவில்லை. மறுபடி திறந்தேன். கடைசியில் பெரியவர் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஹெடர் ஓரமாக நகர்த்திக்கொண்டே போய், காகித பேக்கிங் வெந்து கசிகிற இடத்தைக் காட்டினார். ஹெடர் சூடாகி ஆறும்போது போல்ட் தளரும், மறுபடி முறுக்கவேண்டும் என்ற அரிச்சுவடி எனக்குத் தெரியாது. பேக்கிங்கை மாற்றினேன். கூடவே, படத்தில் பார்த்த ஆசையில் குழாய்களுக்குக் கண்ணாடி இழைப் பட்டை சுற்றினேன். சூட்டை அடக்கும் என்பது உண்மைதான். ஈரத்தையும் அடக்கி வைத்துக்கொண்டு சாதா இரும்பை உள்ளுக்குள்ளேயே துருவாக்கும் என்பதும் உண்மை. அதை அவிழ்த்தபோது கைலி முழுக்கச் சிவப்பு.

வண்டி இப்போது நன்றாக இழுக்கிறது. சிக்னலில் யோசிப்பதில்லை. ஒரு நல்ல மனிதன் இந்த இடத்தில் நிறுத்தியிருப்பான்.

நான் ஃபோர்டு ஜிடி-40 படத்தைப் பார்த்துவிட்டேன். சிறிய எஞ்சின் பூட்டிய அந்தப் பந்தயக் கார்களின் பின்புறத்தில் குழாய்கள் பாம்புக் கூட்டம்போல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டிரண்டு சிலிண்டர்களை எடுத்து ஒரு கலெக்டரில் சேர்ப்பார்கள். என் எஞ்சினில் என்றால் 1, 4, 6, 7 ஒரு கட்டு, 8, 3, 5, 2 இன்னொரு கட்டு. ஒவ்வொரு கலெக்டருக்கும் சரியாக 180 பாகைக்கு ஒரு மூச்சு. அமெரிக்க வி-8இன் குடுகுடுப்பு போய், பந்தயக் காரின் ஊளை வந்துவிடும். அந்தக் காரில் எஞ்சின் நடுவில் இருக்கிறது, குழாய்களைப் பின்பக்கமாக கியர்பாக்ஸுக்கு மேலே பின்னிக்கொள்ள இடம் உண்டு. என் காரில் எஞ்சின் முன்னால். நான்கு குழாய்கள் ஆயில் பேனுக்கு அடியில் புகுந்து எதிர்ப்பக்கம் போகவேண்டும். வீட்டிலிருந்த கம்பி ஹேங்கர்களை எல்லாம் நிமிர்த்தி மாதிரி செய்து பார்த்தேன். கம்பி மெல்லியது என்பதால் எல்லாமே அழகாகப் பொருந்தியது. 1⅝ அங்குலத்தைக் கணக்கில் சேர்த்ததும் எங்கள் தெருவின் வேகத்தடை நினைவுக்கு வந்தது. அந்தக் கம்பிக்கூடு கராஜ் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்கள் சிற்பமா என்று கேட்கிறார்கள். மனைவி ஹேங்கரைக் கேட்கிறாள்.

போன மாதம் அந்த இரண்டு அங்குல ஹெடரை விற்றேன். வாங்க வந்த பையனுக்கு இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். காமரோ வைத்திருக்கிறானாம், அதே 350. குழாயின் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்து, “எவ்வளவு பெரிசு!” என்று பூரித்துப்போனான். கேம் ஷாஃப்ட் என்ன, பின் ஆக்சில் கியர் என்ன, தினம் எங்கே போகிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். அவன் அதற்குள் டாலரை எண்ண ஆரம்பித்துவிட்டான். அவன் எண்ணுகிற அழகைக் கெடுக்க மனம் வரவில்லை.

“சத்தம் எப்படி இருக்கும் சார்?” என்றான்.

“பிரமாதமா இருக்கும்” என்றேன். அது மட்டும் பொய்யில்லை.